பட்டறையில் தொடங்கும் பணிவாழ்வு

முன்னனுபவம் உள்ளவருக்கே வேலை, வேலை பார்த்தவருக்கே முன்னனுபவம் என்ற முடிச்சு, தொழில் உலகுக்குள் முதன்முறையாக நுழைய முயலும் எவரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர், சிறையிலிருந்து திரும்பியவர், குடியேறிய நாட்டில் தன் பழைய சான்றிதழ்கள் செல்லுபடியாகாமல் போனவர், பிள்ளை வளர்ப்புக்காகப் பல ஆண்டுகள் வேலையை விட்டிருந்த பெண் ஆகியோரை அது இன்னும் இறுக்கமாகக் கட்டுகிறது. பயிற்சி நிலையங்கள் பாடத்தையும் சான்றிதழையும் தருகின்றனவே தவிர, சான்றிதழை நீட்டுபவர் நெருக்கடியான நாளில் எப்படி நடந்துகொள்வார் என்ற முதலாளியின் ஐயத்துக்கு அவற்றிடம் விடை இருப்பதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பரவிவரும் சமூக மிதிவண்டிப் பட்டறைகள், வேலை வாங்கித் தருவதைத் தம் முதல் நோக்கமாகக் கொண்டவை அல்ல என்றபோதிலும், இந்த முடிச்சைப் பல பயிற்சித் திட்டங்களைவிட நன்றாக அவிழ்த்திருக்கின்றன. புதியவர் உண்மையான வேலையில் கைவைத்துத் தவறு செய்வதற்கான உரிமையும், அந்தத் தவறையும் அதை அவர் திருத்திய விதத்தையும் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு சாட்சியும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன. பணிவாழ்வின் முதல் படிக்கு வேண்டியவை இவ்விரண்டுமே.

சமூக மிதிவண்டிப் பட்டறை என்பது இலாப நோக்கமின்றி, பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில் நடக்கும் பழுதுபார்ப்புக் கூடமாகும். வீட்டுக் கொட்டகைகளில் துருவேறிக் கிடந்தவை, வாடகைக்கு இருந்தவர்கள் விட்டுச்சென்றவை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் தேவையற்றுப் போனவை என நன்கொடையாக வந்துசேரும் வண்டிகளே அதன் மூலதனம். தேறக்கூடியவை சீர்செய்யப்பட்டுக் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. தேறாதவை முழுக்கக் கழற்றப்பட்டு, பெடலும் பிரேக் கட்டையும் ஹப்பும் செயினும் உதிரிபாகங்களாகப் பெட்டிகளில் பிரித்து வைக்கப்படுகின்றன. வண்டியைத் தரையிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் தாங்கிகளும், சுவரில் வரிசையாக மாட்டிய கருவிகளும் எவருக்கும் பொதுவானவை. சிறு கட்டணம் செலுத்தியோ இலவசமாகவோ ஒருவர் உள்ளே வந்து தன் வண்டியைத் தானே சரிசெய்துகொள்ளலாம். இப்பட்டறைகளில் பலவற்றுக்கும் பொதுவான ஒரு மரபு உண்டு: தன்னார்வலர் வந்தவரின் வண்டியை வாங்கித் தாமே வேலையை முடித்துக் கொடுப்பதில்லை, ஸ்பேனரை வந்தவர் கையிலேயே கொடுத்துப் பக்கத்தில் நின்று வழிகாட்டுகிறார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒரு குடியிருப்பில் பயன்படாமல் கிடந்த சமையலறையில் தொடங்கிய 'பைசைக்கிள் கிச்சன்' தன் தன்னார்வலர்களை இன்றும் சமையற்காரர்கள் என்றே அழைக்கிறது. பிரான்சில் இத்தகைய தற்பழுதுபார்ப்புப் பட்டறைகள் பெருகி, 2010இல் தமக்கென ஒரு கூட்டமைப்பையே அமைத்துக்கொண்டன.

இவ்வியக்கத்தின் தொடக்கங்களுள் ஒன்று அரசியல் எதிர்ப்பில் இருக்கிறது. நிகராகுவாவின் சாண்டினிஸ்டா அரசைக் கவிழ்க்கப் போரிட்ட கான்ட்ரா படைகளுக்கு அமெரிக்காவின் ரீகன் அரசு உதவியதை ஏற்காத மைக்கேல் ரெப்லோகிள் என்ற போக்குவரத்துத் திட்ட வல்லுநரும், கார்ல் கர்ட்ஸ் என்ற மிதிவண்டி மெக்கானிக்கும் 1984இல் 'பைக்ஸ் நாட் பாம்ப்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினர். குண்டுகளுக்குப் பதில் மிதிவண்டிகளை அனுப்புவோம் என்பதே அப்பெயரின் உட்கருத்து. அமெரிக்கர்கள் ஒதுக்கிவிட்ட வண்டிகளைச் சேகரித்து நிகராகுவாவின் ஆசிரியர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் அனுப்பிய அந்த அமைப்பு, பின்னர் பாஸ்டன் நகரில் வேரூன்றியது. வண்டியை அனுப்பினால் மட்டும் போதாது, பழுதானால் சரிசெய்ய அங்கே ஆள் வேண்டும் என்ற அனுபவப் பாடம் அதற்கு விரைவிலேயே கிடைத்தது. வெளிநாட்டில் மெக்கானிக்குகளை உருவாக்க வேண்டியிருந்த அந்த அமைப்பு, தன் சொந்த நகரின் ஏழைப் பகுதிகளில் வேலையும் வண்டியும் இல்லாதிருந்த சிறுவர்களை நோக்கித் திரும்பியது இயல்பான அடுத்த கட்டமாயிற்று. 1990இல் தொடங்கிய 'ஏர்ன் எ பைக்' திட்டம் இவ்வாறு பிறந்ததுதான். நன்கொடையாக வந்த ஒரு பழைய வண்டியைச் சிறுவனோ சிறுமியோ தேர்ந்தெடுத்து, சில வாரங்கள் பட்டறைக்குத் தவறாமல் வந்து, அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்து, மறுபடி பூட்டி முடித்தால் அந்த வண்டி அவர்களுக்கே சொந்தமாகிவிடும் என்பது அதன் ஏற்பாடு. இதே எண்ணம் கொண்ட பட்டறைகள் 1994இல் நியூயார்க், சிகாகோ, போர்ட்லாந்து ஆகிய நகரங்களிலும், 1996இல் சியாட்டிலிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் தோன்றின. சிகாகோவின் வுட்லான் பகுதியில் தோன்றிய 'பிளாக்ஸ்டோன் பைசைக்கிள் ஒர்க்ஸ்', தான் இயங்கிய கட்டடம் 2001இல் தீக்கிரையான பின்னும் அதே இடத்தில் மீண்டெழுந்து, அப்பகுதி இளைஞர்களுக்கு இன்றளவும் வேலை கற்றுத் தருகிறது.

அங்கே கற்றுக்கொள்ளப்படுவது உண்மையில் என்ன என்பதை அறிய, பட்டறை மேசைக்கு அருகே சென்று பார்ப்பது அவசியம். புதிய தன்னார்வலருக்கு முதலில் தரப்படுவது பெரும்பாலும் தேறாத வண்டிதான். அதைக் கழற்றுவதில் எது உடைந்தாலும் நட்டமில்லை. கழற்றத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இடப்பக்கப் பெடல் அவரைத் தடுத்து நிறுத்துகிறது, ஏனெனில் மிதிக்கும்போது தானாகக் கழன்றுவிடாமலிருக்க இடப்பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். மற்றத் திருகுகளைப் போலவே அதையும் நினைத்து முழு வலுவையும் போட்டுத் திருகுபவர், கழற்றுவதாக எண்ணி மேலும் மேலும் இறுக்கிக்கொண்டிருப்பார். வலுவைக் கூட்டுவதற்கு முன் திசையைச் சரிபார்க்க வேண்டும் என்பதைக் கை இவ்வாறு கற்றுக்கொள்கிறது. அதற்கடுத்த பெரிய சோதனை, தமிழக சைக்கிள் கடைகளில் வீல் பென்ட் எடுப்பது என்று சொல்லப்படும் வேலை. சாதாரணச் சக்கரத்தில் 32 அல்லது 36 ஸ்போக்ஸ் கம்பிகள் ஹப்பின் இரு பக்கங்களிலிருந்தும் மாறிமாறிச் சென்று ரிம்மைப் பிடித்திருக்கின்றன; ரிம் வலப்பக்கம் சாய்ந்திருந்தால், சாய்ந்த இடத்தில் இடப்பக்கக் கம்பிகளின் முனைத் திருகான நிப்பிளைச் சற்றே இறுக்கி, வலப்பக்கக் கம்பிகளைச் சற்றே தளர்த்த வேண்டும். பொறுமையிழந்து ஒரே கம்பியை ஒரு முழுச் சுற்று இறுக்கினால் அந்த இடம் நேராகி இன்னோர் இடம் கோணலாகும், சக்கரம் வட்டம் குலைந்து முட்டை வடிவத்துக்கும் போகும். கால் சுற்றாகத் திருகி, சுழற்றிப் பார்த்து, மறுபடியும் கால் சுற்று திருகுபவருக்கே சக்கரம் வசப்படும். ஒரு மாற்றத்தைச் செய்து அதன் விளைவை அளந்த பிறகே அடுத்ததைச் செய்வது என்ற இந்த ஒழுங்கு, மென்பொருளில் பிழை தேடுபவருக்கும் மருத்துவமனைக் கருவியைப் பராமரிப்பவருக்கும் உரிய அதே ஒழுங்குதான்.

செயின் கற்றுத்தருவது வேறு வகை அறிவு. மிதிவண்டிச் செயினில் ஒரு கண்ணியின் நீளம் அரை அங்குலம். எனவே புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். ஓடி ஓடித் தேய்ந்த செயினில் அதே 24 கண்ணிகள் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு, அதாவது வீசம் அளவு, கூடுதலாக நீண்டிருந்தால் செயினை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. அரைக்கால் அங்குலம் நீளும்வரை விட்டுவிட்டால் தேய்ந்த செயின் பல்சக்கரத்தின் பற்களையும் தின்றிருக்கும், சிறிய செலவு பெரிய செலவாகியிருக்கும். இதை ஓர் அளவுகோலால் அளந்து கண்டுபிடிப்பது எளிது. கையில் காசில்லாத ஒரு வாடிக்கையாளரிடம், அவரை அச்சுறுத்தாமலும் பொய்யாக ஆறுதல் சொல்லாமலும், இன்று எதை மாற்றியே ஆக வேண்டும், எதைச் சில மாதங்கள் ஒத்திப்போடலாம் என்று விளக்குவதுதான் கடினம். பட்டறையில் ஒவ்வொரு மாலையும் தன்னார்வலர் பழகுவது இந்த விளக்கத்தையே. தன் கைவேலையைப் பிறருக்குப் புரியும் சொற்களில் சொல்லத் தெரிந்த தொழிலாளியை எந்தத் துறையும் எளிதில் இழக்க விரும்பாது.

கல்வி மானுடவியல் இதற்கு ஒரு கோட்பாட்டு விளக்கம் தந்திருக்கிறது. ஜீன் லேவும் எத்தியேன் வெங்கரும் 1991இல் வெளியிட்ட 'சூழல்சார் கற்றல்' பற்றிய நூலில், கற்றல் என்பது ஒரு தொழிற்சமூகத்தின் விளிம்பில் உரிமையோடு இடம்பெற்று, படிப்படியாக அதன் மையத்தை நோக்கி நகர்வதே என்று வாதிட்டனர். விளிம்பில் இருப்பவர் செய்யும் வேலை சிறிதாக இருக்கலாம், ஆனால் அது உண்மையான வேலையாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. லைபீரியாவின் தையற்காரர்களிடம் வேலை பழகியவர்கள் துணி வெட்டுவதில் தொடங்காமல், தைத்து முடித்த உடைக்குப் பித்தான் வைப்பதிலும் இஸ்திரி போடுவதிலும் தொடங்கி, கடைசியிலேயே வெட்டுவதற்கு வந்தனர். முழுமையான உடை எப்படி இருக்க வேண்டும் என்பதை அறிந்த பிறகே, கெடுத்தால் துணி வீணாகும் வேலை அவர்கள் கைக்கு வந்தது. மிதிவண்டிப் பட்டறையின் வரிசையும் இதுவே. அதே நூல் ஓர் எதிர்மறை எடுத்துக்காட்டையும் ஆராய்கிறது: அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் இறைச்சி வெட்டப் பழக வந்தவர்கள், அனுபவசாலிகள் வேலை செய்யும் இடத்திலிருந்து விலக்கிப் பொதி கட்டும் இயந்திரத்தின் முன் நிறுத்தப்பட்டதால், தேர்ந்தவர்களின் கையைப் பார்க்கும் வாய்ப்பையே இழந்தனர். தன்னார்வலரைத் தரை கூட்டவும் நாற்காலி அடுக்கவும் மட்டும் பயன்படுத்தும் எந்தத் தொண்டு நிறுவனமும் இதே பிழையைச் செய்கிறது என்பதில் ஐயமில்லை.

வேலைத்திறன் ஒருபுறமிருக்க, வேலை இருக்கிறது என்ற செய்தி ஒருவரை எப்படி வந்தடைகிறது என்பதும் பெரிய கேள்வி. பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில் வேலை மாறிய பணியாளர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்கள் வழியாகவே வேலைச் செய்தி அதிகமாக வந்து சேர்கிறது என்று கண்டு, 1973இல் அதை வெளியிட்டார். நெருங்கியவர்கள் ஒரே வட்டத்தில் புழங்குவதால் அவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகமே இன்னொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவரும் என்பது அவர் தந்த காரணம். வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த பகுதியில் வளரும் இளைஞருக்கு இத்தகைய தூரத்து அறிமுகங்கள் அமைவது மிக அரிது. மிதிவண்டியோ எல்லா வகுப்பாரும் ஓட்டுவது. உணவு விநியோகிக்கும் தொழிலாளியும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் நகராட்சிப் பொறியாளரும் ஒரே மாலையில் ஒரே தாங்கியின் முன் வரிசையில் காத்திருக்கும் இடம் நகரங்களில் வேறு அதிகமில்லை. அந்த வரிசையில் நிற்பவர், தன் பிரேக்கைச் சரிசெய்யக் கற்றுக்கொடுத்த இளைஞரை நினைவில் வைத்துக்கொள்கிறார்; பட்டறையின் மூத்த மெக்கானிக்கோ அந்த இளைஞருக்காக இன்னொரு கடைக்காரரிடம் தொலைபேசியில் இரண்டு வார்த்தை சொல்கிறார். அந்த இரண்டு வார்த்தைகளுக்குப் பின்னால் பல மாதங்களின் கண்காணிப்பு இருப்பதால்தான் அவற்றுக்கு மதிப்பு.

தன்னார்வத் தொண்டுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை அளந்த ஆய்வுகளும் உண்டு. அமெரிக்க அரசின் சேவை முகமை 2013இல் வெளியிட்ட ஆய்வு, வேலையில்லாதிருந்தவர்களில் தொண்டு செய்தோர் பின்னர் வேலை பெறுவதற்கான சாத்தியம், செய்யாதோரைவிட 27 விழுக்காடு கூடுதல் என்று கணக்கிட்டது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களிடையே இந்த வேறுபாடு 51 விழுக்காடாகவும், கிராமப்புறத்தாரிடையே 55 விழுக்காடாகவும் இருந்தது. இவ்வெண்களை அப்படியே காரணமாகக் கொள்ளலாகாது, ஏனெனில் தொண்டு செய்ய முன்வருபவர் இயல்பிலேயே முனைப்பும் உடல்நலமும் தொடர்புகளும் கூடியவராக இருக்கக்கூடும். பிரிட்டனில் குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து திரட்டிய தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வில் இந்த விளைவு மெலிந்தே காணப்பட்டது. ஆயினும் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரிடம் வேறுபாடு ஏறத்தாழ இரு மடங்காக இருப்பது கவனத்துக்குரியது. காட்டுவதற்குக் காகிதம் இல்லாதவருக்கே சாட்சி அதிகமாகத் தேவைப்படுகிறது.

பட்டறையிலிருந்து புறப்பட்டவர்கள் சென்று சேர்ந்த இடங்கள் மெக்கானிக் வேலையோடு முடிந்துவிடவில்லை, முடியவும் கூடாது. அமெரிக்காவில் மிதிவண்டிக் கடை மெக்கானிக்கின் ஊதியம் குறைவு, பனிக்காலத்தில் வேலையும் சுருங்கும். ஓர் இளைஞரை அந்த நிலையில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பணிவாழ்வைத் தொடங்கி வைத்ததாகப் பெருமைப்படுவது நியாயமாகாது. பட்டறைகள் தம்மிடம் கற்ற சிறுவர்களையே பின்னர் ஊதியத்துடன் பயிற்றுநர்களாக அமர்த்துவதால், ஆசிரியப் பணிக்கும் இளைஞர் நலப் பணிக்கும் அவை வழியாகின்றன. மொசாம்பிக்கில் பெண்களின் போக்குவரத்துக்கான மிதிவண்டித் திட்டத்தில் பணியாற்றிய கேரன் ஓவர்ட்டன், நியூயார்க் திரும்பி 1994இல் 'ரீசைக்கிள் எ பைசைக்கிள்' திட்டத்தைத் தொடங்கி, பள்ளி மாணவர்களின் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார். கானாவின் கோஃபொரிடுவா நகரில் 'பைக்ஸ் நாட் பாம்ப்ஸ்' துணையுடன் உருவான 'எபிலிட்டி பைக்ஸ்' என்ற கூட்டுறவுக் கடையின் மெக்கானிக்குகள் மாற்றுத்திறனாளிகள். கடையின் உரிமையாளர்களும் அவர்களே. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் 24,000க்கும் மேற்பட்ட மிதிவண்டிகளை வழங்கிப் பணியைத் தொடங்கிய 'வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப்', அடுத்து சாம்பியாவுக்குச் சென்றபோது வண்டிகளோடு உள்ளூர் மெக்கானிக்குகளையும் பயிற்றுவித்து நிறுத்தியது.

ரெப்லோகிளின் பாதை இன்னும் நீண்டது. நிகராகுவாவுக்கு வண்டி அனுப்பத் தொடங்கிய மறு ஆண்டே, 1985இல், போக்குவரத்து வளர்ச்சிக் கொள்கை நிறுவனம் என்ற ஐடிடிபி அமைப்பை நிறுவிய அவர், சுற்றுச்சூழல் அமைப்பொன்றில் பல ஆண்டுகள் பணியாற்றி, 2015இல் நியூயார்க் நகரப் போக்குவரத்துத் துறையின் துணை ஆணையராகவும் பொறுப்பேற்றார். அவர் முன்னரே துறை வல்லுநர் என்பதால் தொண்டுதான் அவருக்கு வேலை தந்தது என்று சொல்ல இயலாது. அவருடைய வேலை எத்திசையில் போக வேண்டும் என்பதை அது தீர்மானித்தது என்று சொல்லலாம். அந்த ஐடிடிபியின் இந்தியப் பிரிவு, சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றுக்கொண்ட மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கையிலும், 2019இல் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்திலும் பங்கு வகித்திருக்கிறது.

இவ்வளவுக்கும் அடியில் அநீதி பற்றிய ஒரு கேள்வி கிடக்கிறது: ஊதியமில்லாமல் உழைக்க யாரால் இயலும்? பெற்றோரின் வருமானத்தில் வாழும் கல்லூரி மாணவர் வாரத்துக்கு இரண்டு மாலைகளைப் பட்டறைக்குத் தரலாம்; வாடகைக்காக இரண்டு இடங்களில் வேலை பார்ப்பவருக்கு அது இயலாது. ஊதியமற்ற உழைப்பு சுரண்டலாக மாறிவிடும் என்பதாலேயே, 1938இல் இயற்றப்பட்ட அமெரிக்க நியாயத் தொழில் தரச் சட்டத்தின்படி, இலாபம் ஈட்டும் தனியார் நிறுவனத்தில் எவரும் தன்னார்வலராக வேலை செய்ய முடியாது. அந்த இடம் இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் அரசு அமைப்புகளுக்குமே விடப்பட்டிருக்கிறது. 'ஏர்ன் எ பைக்' ஏற்பாட்டின் மேன்மை இங்கேதான் புலப்படுகிறது, ஏனெனில் அதில் உழைப்புக்குக் கூலியாக வண்டி கிடைக்கிறது, பேருந்து சரியாக ஓடாத பகுதியில் வாழ்பவருக்கு அந்த வண்டியே வேலைக்குப் போகும் வழியாகிறது. ஆண்களே நிறைந்த பட்டறையில் பெண்ணின் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கி உதவி செய்யும் பழக்கம் வலுவானது என்பதால், பல பட்டறைகள் வாரத்தில் ஒரு மாலையைப் பெண்களுக்கும் பாலினச் சிறுபான்மையினருக்கும் மட்டும் ஒதுக்குகின்றன. அவ்வாறு கற்றவர்கள் தொழில்முறைச் சான்றிதழ் பெற விரும்பினால், ஓரிகன் மாநிலத்தின் ஆஷ்லண்டில் 1981இல் தொடங்கப்பட்ட யுனைடெட் பைசைக்கிள் இன்ஸ்டிட்யூட் போன்ற பள்ளிகளுக்குச் செல்லலாம். பெண் மெக்கானிக்குகளுக்கென மிதிவண்டித் துறை உதவித்தொகையும் அறிவித்திருக்கிறது.

மின்சார மிதிவண்டிகளின் வருகை இப்பட்டறைகளைப் புதிய திருப்பத்தில் நிறுத்தியிருக்கிறது. பழைய வண்டியில் தவறாகத் திருகிய நிப்பிளை மறுபடி திருகிச் சரிசெய்யலாம். லித்தியம் பேட்டரியில் செய்யும் தவறு தீ விபத்தாகலாம். பேட்டரித் தீயால் உயிரிழப்புகளைச் சந்தித்த நியூயார்க் நகரம், பாதுகாப்புச் சான்று பெறாத மின்சார மிதிவண்டிகளின் விற்பனையை 2023இல் சட்டத்தால் தடைசெய்தது. மின்சார வண்டியைத் தொடவே மாட்டோம் என்று பட்டறைகள் ஒதுங்கினால், வேலைவாய்ப்பு வளரும் பக்கத்தைத் தம் இளைஞர்களுக்கு மூடிவிடும். எச்சரிக்கையின்றி ஏற்றால், தவறு செய்யும் உரிமை என்ற தம் அடித்தளமே ஆபத்தாகிவிடும். மோட்டாரையும் மின்கம்பிகளையும் கற்பித்து, பேட்டரியைத் திறப்பதை மட்டும் தகுதி பெற்றவரிடம் விடுவது நடைமுறைக்கு உகந்த எல்லையாகத் தோன்றுகிறது. அதற்குப் பயிற்சி பெற்ற, நிலையாக அங்கேயே இருக்கும் ஒருவர் பட்டறைக்கு வேண்டும்.

நிதி வழங்குவோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். எத்தனை வண்டிகள் சீர்செய்யப்பட்டன, எத்தனை குழந்தைகளுக்கு வழங்கப்பட்டன என்ற எண்ணிக்கைகளை அவர்கள் கேட்கிறார்கள், கருவிகள் வாங்கவும் பணம் தருகிறார்கள். மூத்த மெக்கானிக்கின் மாதச் சம்பளமோ நிர்வாகச் செலவு என்ற தலைப்பில் சேர்ந்து, நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுகிறது. ஒரு புதியவர் இடப்பெடலோடு போராடியதையும், ஆறு மாதம் கழித்து இன்னொருவருக்குப் பொறுமையாகச் சக்கரம் நேராக்கக் கற்றுக்கொடுத்ததையும் பார்த்த கண் அந்த மெக்கானிக்கினுடையது. அவர் போன பின்பும் பட்டறையில் வண்டிகள் பழுதுபார்க்கப்படும். ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும் அந்த இளைஞரைப் பற்றி விசாரித்து முதலாளி தொலைபேசியில் அழைக்கும்போது, அவரை அறிந்து பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது.